கப்பல் வேலையில் ஊர் பார்க்க நேரம் கிடைக்குமா?

கேள்வி: குரூஸ் கப்பல் வேலைக்கு விண்ணப்பித்ததில் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று கேபின் ஸ்டூவர்ட் (பயணிகளின் அறைகளைப் பராமரிப்பவர்) வேலை, கரீபியனில் ஏழு நாள் சுற்று. மற்றொன்று கப்பலுக்குள் இருக்கும் கடையில் விற்பனையாளர், மத்தியதரைக் கடல் பக்கம். வருமானமும் வேண்டும். ஆனால் புதிய ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பெரிய ஆசை. கரைக்கு இறங்க உண்மையிலேயே நேரம் இருக்குமா? எதை எடுப்பது?

பதில்: நேரம் இருக்கும். ஆனால் முழு நாளாகக் கிடைக்காது, மணிக்கணக்கில்தான் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் துறைமுகம் என்றால், பயணிக்கு ஒன்பது மணி நேரம். உங்களுக்கு அதில் இரண்டோ மூன்றோ மணி நேரம். வார விடுமுறை என்று ஒன்று கப்பலில் கிடையாது. ஆறிலிருந்து ஒன்பது மாத கான்ட்ராக்ட் என்றால் அத்தனை நாளும் வேலை நாள்தான்.

2006இல் கொண்டுவரப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், கரைக்கு இறங்கும் விடுப்பை ஒரு சலுகையாகப் பார்க்கவில்லை. உடல்நலத்துக்காகவும் மனநலத்துக்காகவும், வேலை இடம்கொடுக்கும்போது அது தரப்பட வேண்டும் என்கிறது. ஓய்வு நேரக் கணக்கைப் பின்பற்றும் கப்பல்களில் 24 மணி நேரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு இருக்க வேண்டும். அந்தப் பத்து மணியை இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு பகுதி ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: மதியம் நீங்கள் ஊர் சுற்றும் நேரமும் இந்த ஓய்வுக் கணக்கில்தான் சேரும். என் முதல் கான்ட்ராக்டில் ஒரு துறைமுகத்தையும் விடாமல் இறங்கினேன். மூன்றாம் மாதம் உடம்பு சுத்தமாக ஒத்துழைக்கவில்லை. அதன் பிறகு இரண்டு துறைமுகத்தில் இறங்கினால் ஒன்றில் தூங்குவது என்று வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

சரி, வேலைக்கு வருவோம். எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் உங்கள் பிரிவுதான் தீர்மானிக்கிறது. கேபின் ஸ்டூவர்டுக்கு காலையில் அறைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், மாலையில் மறுபடி படுக்கையைத் தயார் செய்ய வேண்டும். இடையில்தான் இடைவெளி. துறைமுக நாளில் பயணிகள் சீக்கிரமே இறங்கிவிடுவதால் அறைகளும் சீக்கிரம் முடியும், அது ஒரு நல்லது. ஆனால் பழைய பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் நாள் இருக்கிறதே, டர்ன்அரவுண்ட் என்பார்கள், அன்றைக்குச் சில மணி நேரத்துக்குள் உங்கள் பொறுப்பில் உள்ள அத்தனை அறைகளையும் புரட்டிப் போட்டுப் புதிதாக்க வேண்டும். அந்தத் துறைமுகத்தை நீங்கள் மறந்துவிட வேண்டியதுதான்.

கடை வேலை இதற்கு நேர்மாறானது. பெரும்பாலான துறைமுகங்களில் சுங்க விதிப்படி கப்பலின் வரியில்லாக் கடைகளும் கேசினோவும் மூடியே இருக்க வேண்டும். சரக்கு எண்ணுவது, புதுச் சரக்கு ஏற்றுவது, பயிற்சி வகுப்பு இவை போக மீதி நேரம் உங்களுடையது. அதற்குப் பதிலாகக் கடலில் ஓடும் நாட்களில் காலையிலிருந்து இரவு வரை கடையில் நிற்க வேண்டும். கப்பலில் அதிக ஊர் பார்ப்பவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், கடைக்காரர்களையும் கேசினோக்காரர்களையும் மேடைக் கலைஞர்களையும்தான் சொல்வேன்.

எந்தப் பிரிவாக இருந்தாலும் ஐ.பி.எம். (இன் போர்ட் மேனிங்) என்ற முறைப்பணி உண்டு. தீ போன்ற அவசரம் வந்தால் சமாளிக்க, துறைமுகத்திலும் ஊழியர்களில் ஒரு பகுதியினர் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். முறை வைத்து வரும். பட்டியலை முன்கூட்டியே பார்த்து, ஆசைப்பட்ட ஊர் அன்று மாட்டிக்கொண்டால், மேலதிகாரியிடம் சொல்லி நண்பரோடு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

அடுத்து, பாதை. விளம்பரத்தில் ‘ரோம்’ என்று இருக்கும். கப்பல் நிற்பதோ சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர், ரயிலில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மூன்று மணி நேர இடைவெளியில் போய் வருவது வீண் பதற்றம். ஃபுளோரன்ஸ் என்று சொல்லி லிவோர்னோவில் நிறுத்துவதும் இதே கதைதான். ஆனால் நேப்பிள்ஸில் கேங்வே எனும் இறங்குபாலத்தைத் தாண்டினால் எதிரே ஊர். மாண்டினீக்ரோவின் கோட்டோரில் பழைய நகரத்து மதில் கரையருகிலேயே இருக்கிறது. பைரேயஸிலிருந்து ஏதென்ஸுக்கு மெட்ரோ இருக்கிறது. கிரேக்கத் தீவான சாண்டோரினியில் கப்பல் கரையில் அணையாமல் கடலிலேயே நிற்கும், சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். முதலில் பயணிகள், பிறகுதான் நாம். அதனால் பாதை கையில் வந்ததும் ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத் துறைமுகப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கரீபியன் ஏழு நாள் சுற்றைப் பலர் அலுப்பு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே மூன்று நான்கு ஊர்கள் வாராவாரம் வரும். முதல் வாரம் துறைமுக வாசல் கடைகளைப் பார்ப்பீர்கள், மூன்றாம் வாரம் ஊருக்குள் நடப்பீர்கள், ஆறாம் வாரம் காபிக் கடைக்காரர் “போன வாரம் ஏன் வரவில்லை?” என்று கேட்பார். பயணிகளில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? எனக்கு இன்றும் நினைவில் நிற்பவை அப்படிப் பழகிய ஊர்கள்தான்.

இறங்கும்போது ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். அதைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். மெக்சிகோவின் கொசுமெல் தீவில் கோடையில் மணி மயாமியை விட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். மயாமி நேரத்தில் ஓடும் கப்பலில் நாலு மணி ஆகும்போது உங்கள் போன் மூன்று என்று காட்டும். ஊழியர் திரும்ப வேண்டிய நேரம் பயணிகளுக்கு முன்னதாகவே இருப்பதும் வழக்கம். தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவில் போக நேரலாம், வேலையே போகவும் கூடும். கப்பலின் உள்ளூர் ஏஜென்ட் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு சொன்ன கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி வேலை வாங்கித் தருவதற்கென்று உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் இவற்றின் செலவு மட்டும் உங்களுடையது. விசா செலவு கப்பல் உரிமையாளருடையது. பெருந்தொகை கேட்கும் இடைத்தரகர் என்றால், எவ்வளவு அழகான பாதையைக் காட்டினாலும் விலகிவிடுங்கள். எந்தெந்த நாட்டில் இறங்க உங்களுக்கு விசா தேவை, அது எடுத்துத் தரப்படுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். விசா இல்லாததால் கரையைப் பார்த்தபடியே கப்பலில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் முதல் ஆசை ஊர் பார்ப்பதுதான் என்றால், கடை வேலையை எடுங்கள். வருமானத்தை மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பல கப்பல்களில் ஸ்டூவர்டுக்கு டிப்ஸ் பெரும் பங்கு, கடையில் விற்பனைக் கமிஷன். இரண்டு இடத்திலும் உறுதியான மாதச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். இன்னொன்று: கோடையை மத்தியதரைக் கடலில் கழிக்கும் கப்பல்களில் பல, குளிர் நெருங்கும்போது அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனுக்குப் போய்விடும். உங்கள் கான்ட்ராக்ட் காலத்தில் அது வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வந்தால், நடுவில் ஒரு வாரம் கரையே தெரியாமல் கடையில் நிற்க வேண்டியிருக்கும், ஆனால் இரண்டு கடல்களின் ஊர்களும் ஒரே கான்ட்ராக்டில் கிடைத்துவிடும்.