பழைய சர்வோ மோட்டாருக்கு எந்த டிரைவ் பொருந்தும்? கேள்வி பதில்

கே: அண்ணா, 90-களில் வந்த லேத். சர்வோ மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்து ஓட்டும் டிரைவ் பெட்டி புகைந்துவிட்டது, அந்த மாடல் இப்போது வருவதில்லை. மோட்டார் 2 கிலோவாட். ஏதாவது ஒரு 2 கிலோவாட் டிரைவ் போட்டால் ஓடுமா?

ப: ஓடாது தம்பி. கிலோவாட்டைக் கடைசியில் பார்க்கலாம், முதலில் மோட்டாரின் பின்னால் என்ன ஃபீட்பேக், அதாவது ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று டிரைவுக்குச் சொல்லும் கருவி, உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்று ஜோடி கம்பி, ஒவ்வொரு ஜோடிக்கும் மீட்டரில் ஓம் காட்டுகிறது, 5 வோல்ட் சப்ளைக் கம்பியே இல்லை என்றால் அநேகமாக ரிசால்வர் (சுருள்களால் கோணம் சொல்லும் வகை). பிழைத்தீர்கள். கோல்மார்கன் ஏகேடி, கண்ட்ரோல் டெக்னிக்ஸ் எம்700 மாதிரி டிரைவ்கள் எல்லாம் அதைப் படிக்கும். பல்ஸ் அனுப்பும் என்கோடராக, ஏ, பி, இசட் பல்ஸோடு ரோட்டர் நிலையைச் சொல்லும் யு, வி, டபிள்யு ஹால் சிக்னலும் இருந்தாலும் சரிதான், டிரைவ் கிடைக்கும். ஃபேனக்கின் சிவப்பு மூடி போட்ட சீரியல் என்கோடர் மாதிரி, அந்தக் கம்பெனி டிரைவ் மட்டும் பேசும் பாஷையாக இருந்தால், என்கோடரையே மாற்றித்தான் ஆகணும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கே: நேம்பிளேட் எழுத்து சுத்தமாக அழிந்துபோச்சு. என்ன செய்வது?

ப: பவர் கம்பிகளை டிரைவிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று படாமல் விட்டு, ஷாஃப்டை டிரில் மெஷினால் சுற்றுங்கள் (பிரேக் இருந்தால் முதலில் விடுவிக்கணும், கம்பி முனையைக் கையால் தொடக் கூடாது). இரண்டு ஃபேஸுக்கு நடுவே ஏசி வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள். 600 ஆர்பிஎம்மில் 36 வோல்ட், 40 ஹெர்ட்ஸ் வருகிறது என்று வையுங்கள். 40-ஐ 60-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 4 ஜோடி காந்த துருவம், அதாவது 8 போல். 1000 ஆர்பிஎம்முக்கு 60 வோல்ட் என்றால் 3000-க்கு 180 வோல்ட், ஆக 230 வோல்ட் டிரைவ் தாராளம். சைன் வேவ் மோட்டார் என்றால் இதே 60 வோல்ட்டை வைத்து, ஒரு ஆம்பியருக்குச் சுமார் 1 நியூட்டன் மீட்டர் டார்க் என்றும் சொல்லிவிடலாம். ஆம்பியர் எவ்வளவு என்பதற்கு, எரிந்துபோன டிரைவின் தகட்டைப் பாருங்கள், அதைக் காயலான் கடைக்குப் போடுமுன். கரன்ட் லிமிட்டை அதற்குக் கீழே வைத்து, மோட்டார் சூட்டைக் கவனித்துக்கொண்டே ஏற்றுங்கள்.

கே: 200 வோல்ட் மோட்டாருக்கு 415 வோல்ட் டிரைவ் மலிவாக வருகிறது சார், வாங்கலாமா?

ப: வேண்டாம். 415-ஐ ரெக்டிஃபை செய்தால் டிசி பக்கம் 587 வோல்ட் நிற்கும், அது துண்டு துண்டாக வைண்டிங்கில் போய் அடிக்கும், பழைய இன்சுலேஷன் எத்தனை நாளைக்குத் தாங்கும்? 230 வோல்ட் வகை டிரைவோடு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

கே: என்கோடர் மாற்றினால் அலைன்மென்ட்?

ப: ரோட்டர் காந்தத்துக்கும் என்கோடர் பூஜ்யத்துக்கும் உள்ள கோணம் போய்விடும். புது டிரைவ்கள் பலவற்றில் அதைத் தானே கண்டுபிடிக்கும் வசதி உண்டு, ஆனால் ஷாஃப்ட் தானாகத் திரும்பும், அதனால் மோட்டாரை பால்ஸ்க்ரூவிலிருந்து (அச்சை நகர்த்தும் திருகு) கழற்றிவிட்டுச் செய்யுங்கள். செங்குத்து அச்சில் முதலில் ஹெட்டுக்கு முட்டுக் கொடுங்கள். பிரேக் 24 வோல்ட் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம், பழையவற்றில் 90 வோல்ட் டிசியும் உண்டு.

கே: டிரைவுக்குக் கட்டளை கொடுக்கும் கண்ட்ரோலர் பழசுதான், அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

ப: தாராளமாக. பிளஸ் மைனஸ் 10 வோல்ட் அனலாக் கமாண்ட் வாங்கும் டிரைவாகப் பாருங்கள், ஈதர்கேட் (நெட்வொர்க் கேபிள் வழிக் கமாண்ட்) மட்டும் உள்ளதை எடுக்காதீர்கள். பழைய டிரைவ் கண்ட்ரோலருக்குத் திருப்பி அனுப்பிய பல்ஸ், ஒரு சுற்றுக்கு எத்தனையோ அத்தனையே புதியதிலும் செட் பண்ணணும், இரண்டு மடங்கு வைத்தால் 100 மி.மீ. போகச் சொன்னது 50-லேயே நின்றுவிடும்.