துக்கம் கேட்காமல் ஏலகிரிக்குப் போகலாமா?

கேள்வி: என் தாத்தாவும் தாய்மாமனும் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது மாமாவின் குடும்பம் நொடித்துப்போனது. அடகு வைப்பதற்காக அவர் அம்மாவிடம் வாங்கிய 8 சவரன் நகை மீட்கப்படாமல் ஏலத்தில் போய்விட்டது. அப்பா பேசக் கூடாத வார்த்தைகளைப் பேசிவிட, மாமா ஆம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அதன்பின் போக்குவரத்தே இல்லை. என் திருமணத்தில் தாய்மாமன் முறையை ஒன்றுவிட்ட மாமா ஒருவர்தான் செய்தார். 2017-இல் அப்பா இறந்தபோதும் மாமா வரவில்லை. சென்ற மாதம் தங்கவயலின் உரிகத்தில் ஒரு துக்க வீட்டில் அவருடைய மகளைச் சந்தித்தேன். 2021-இல் கொரோனாவில் அத்தை இறந்துவிட்டார் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரு வீட்டாருமாக 17 பேர் ஏலகிரியில் சனி, ஞாயிறு தங்குவது என்று இளையவர்கள் பேசி, விடுதியும் பார்த்துவிட்டோம். அம்மாவோ, அண்ணன் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்கிறார். என்ன செய்வது?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஏலகிரியைக் கைவிட வேண்டாம், ஒரு மாதம் தள்ளிவையுங்கள். உங்கள் கடிதத்தில் நகை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதில் இரண்டு சாவுகள் இருக்கின்றன. இரண்டுக்குமே போக வேண்டியவர்கள் போகவில்லை. நம் வீடுகளில், விசாரிக்காத துக்கத்தை வைத்துக்கொண்டு சிரித்துப் பேசக் கூடுவதைப் பெரியவர்கள் மனம் ஏற்பதில்லை. காரணத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை; வேறு எதையாவது சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். உங்கள் அம்மா கேட்கும் மன்னிப்பும் அப்படிப்பட்ட ஒன்று என்றுதான் நான் நினைக்கிறேன். கணவன் இறந்த வீட்டுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும் என்பது நம் வழக்கம். அண்ணன் உயிரோடு இருந்தும் அந்தப் புடவை வரவில்லை என்பதை, அன்று கூடியிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எட்டுச் சவரனை விட அதுதான் அவருக்குப் பெரிய இழப்பாக இருக்கும். நீங்களே தனியாக இருக்கும் நேரத்தில் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

யார் முதலில் போவது என்ற சிக்கலுக்கும் இதிலேயே வழி இருக்கிறது. மாமா மூத்தவர், அவருடைய இழப்பு அண்மையது, அதுவும் உறவினர் கூடி அழ முடியாத கொரோனா காலத்துச் சாவு. எனவே அம்மா தன் அண்ணியின் துக்கத்தை விசாரிக்க ஆம்பூருக்குப் போகட்டும். துக்கம் விசாரிக்கப் போகிறவர் யாருடைய அழைப்புக்கும் காத்திருப்பதில்லை. ஆகவே அம்மா இறங்கிப் போனதாகவும் ஆகாது. கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியாகக் காரில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்தான். அம்மாவும் நீங்களும் மட்டும் போய், பகலில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புங்கள். பிள்ளைகள் வேண்டாம், கைப்பேசியில் படம் எடுப்பதும் வேண்டாம். மாமாவின் மகளிடம் முன்கூட்டியே கோடியைப் பற்றி மட்டும் காதில் போட்டுவையுங்கள். பீரோவிலிருந்து ஒரு புடவையை அண்ணன் எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டால், மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் உச்சரிக்கவே தேவையிருக்காது. நகையைப் பற்றி மாமாவே பேச்செடுத்தால் அம்மா கேட்டுக்கொள்ளட்டும். அவர் எடுக்காவிட்டால் நீங்கள் எடுக்காதீர்கள். குறிப்பாக, அந்த 8 சவரன் இன்றைய விலைக்கு எவ்வளவு என்று உங்கள் வீட்டு ஆண்களில் ஒருவர் கணக்குப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா பேசிய வார்த்தைகளுக்கு நீங்கள் வருத்தம் தெரிவிக்கலாம், ஆனால் அம்மா இல்லாத நேரத்தில். இறந்த கணவரை மகளே விட்டுக்கொடுத்தாள் என்று அவருக்குத் தோன்றிவிடக் கூடாது.

அதன்பின் ஏலகிரி. பெங்களூரிலிருந்து காலையில் புறப்படும் லால்பாக் விரைவு வண்டியில் ஜோலார்பேட்டையில் இறங்கினால், அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆம்பூர்க்காரர்கள் வாணியம்பாடி வழியாக வந்துவிடுவார்கள். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், வாந்தி வரக்கூடியவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். மாமா சுரங்கத்துக்குள் வேலை செய்தவர் என்பதை மறந்துவிட வேண்டாம். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் இறுகி, வேலையை விட்டுப் பல காலம் ஆன பிறகும் மூச்சிரைப்பு வருவதுண்டு. அவருக்குக் கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். இளையவர்கள் சுவாமிமலை உச்சிக்கு ஏறும்போது அண்ணனும் தங்கையும் புங்கனூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கட்டும், துணைக்கு என்று யாரும் கூடவே இருக்க வேண்டாம். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். முழுச் செலவும் எங்களுடையது என்று நீங்கள் பெருந்தன்மை காட்டினால், பணத்தால் கூனிப்போன மனிதரை மறுபடியும் கூனவைத்ததாகிவிடும். சனிக்கிழமை மதியத்துக்கு அவர்கள் ஆம்பூரிலிருந்து சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்க் கூட்டும் கொண்டு வருகிறோம் என்றால், விடுதியில் சாப்பாடு சொல்லிவிட்டோம் என்று மறுக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். ஞாயிறு திரும்பும்போது மாமாவால் முடிந்தால், அவரையும் அம்மாவையும் பங்காருப்பேட்டையில் இறக்கி, தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் வண்டியில் அழைத்துப்போங்கள். ஏலகிரி உங்களுக்குத்தான் சுற்றுலா. அவர்கள் இருவருக்கும் பொதுவான ஊர் என்றால் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பக்கத்தில், தொழிலாளர் குடியிருப்பில் இருந்த அந்த லைன் வீடுதான்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாகத் தொடர்பில்லாத சித்தப்பா குடும்பம், எல்லோரும் ஒகேனக்கல்லில் இரண்டு நாள் கூடலாம் என்று அழைக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அப்பாவும் அத்தைகளும் ஆதார் நகல் கொண்டுவர வேண்டும், ஒரு சிறிய கையெழுத்து இருக்கிறது என்கிறார்கள். தருமபுரி அருகே தாத்தா சொந்தமாக வாங்கிய நிலம் ஒன்று உண்டு. அவர் 1988-இல் உயில் எழுதாமல் இறந்தார். போகலாமா?
— வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: போகலாம், ஆதார் நகல் வீட்டிலேயே இருக்கட்டும். ஒருவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் சேரும். அத்தைகளுக்குத் திருமணமாகிவிட்டது என்பதால் அவர்கள் பங்கு குறையாது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும் என்பதால், பரிசல் துறையில் போடும் கையெழுத்தால் நிலம் கைமாறிவிடாது. ஆயினும், முன்பே வாய்மொழியாக முடிந்த பாகப்பிரிவினையைப் பின்னர் நினைவுக்காக எழுதிவைத்தது என்ற பெயரில் ஒரு காகிதம் தயாரானால், அதைப் பதிவு இல்லாமலே நீதிமன்றத்தில் காட்ட வழியிருக்கிறது. கிளம்பும் முன் தமிழகப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைப் பார்த்துவிடுங்கள். பிறகு சித்தப்பாவிடம் தொலைபேசியில், நிலத்தைப் பற்றித் தருமபுரியில் வழக்கறிஞரை வைத்துக்கொண்டு வேறொரு நாளில் பேசுவோம் சித்தப்பா, இப்போது உங்களைப் பார்க்க வருகிறோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அழைப்பு அதற்குப் பிறகும் நிலைத்தால் அத்தைகளையும் கட்டாயம் அழைத்துப்போங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26. பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த மாமா குடும்பத்தோடு நந்தி மலைக்குப் போனோம். மாமா மகளும் நானும் அன்றுதான் முதன்முதலில் பார்த்துக்கொண்டோம். அதற்குள் பாட்டி முறைப்பெண் என்று பேச்சைத் தொடங்க, அந்தப் பெண் நாள் முழுவதும் என்னிடம் பேசவே இல்லை. அடுத்த சந்திப்பு மைசூரில்.
— வாசகர், ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: பாட்டியின் கணக்கில், அறுந்த உறவை ஒட்டவைக்க இதைவிட உறுதியான பசை கிடையாது, அவரைக் கோபித்துப் பயனில்லை. மைசூருக்குப் போகும் முன் உங்கள் அம்மா தன் அண்ணனிடம் பேசி, பிள்ளைகள் முதலில் பழகட்டும், கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று இருவருமாகப் பாட்டியிடம் சொல்லட்டும். நீங்களே சொன்னால் வெட்கப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகிவிடுவார். அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி அழையுங்கள். அன்று உங்களுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது என்று அவரிடம் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.