எல்.எல்.ஆர். கிடைத்த பிறகும் ஏன் 30 நாள் காத்திருக்க வேண்டும்?

எல்.எல்.ஆர். எனப் பேச்சில் வழங்கும் பழகுநர் உரிமம், சாலையில் ஓட்டிப் பழகுவதற்கு மட்டுமான அனுமதி. அது 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாளாவது ஆன பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன.

எல்.எல்.ஆர். பெறுவதற்கான கணினித் தேர்வு சாலைக் குறிகளையும் விதிகளையும் அறிந்திருக்கிறீர்களா என்று மட்டுமே பார்க்கிறது. உதகைக்கு அருகேயுள்ள கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், பனிமூட்டத்துக்குள் இரண்டாவது கியரில் இறங்கும்போது எதிரே ஏறிவரும் பேருந்துக்கு ஒதுங்கி வழிவிடும் நிதானத்தை அது அளப்பதில்லை. அந்த நிதானம் கைக்கு வரவே இந்த இடைவெளி. தேயிலை நாற்றை நாற்றங்காலிலிருந்து நேரே வெயிலில் நடாமல், பந்தல் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழக்குவதைப் போன்றது இது.

பழகும் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். இருசக்கர வண்டியென்றால், பின்னிருக்கையில் கற்றுத்தருபவராக உரிமம் உள்ளவர் அமரலாமே தவிர, நண்பரை ஏற்றிக்கொண்டு தொட்டபெட்டா போக முடியாது. (விரல்நீள ‘எல்’ ஸ்டிக்கர் போதாது, பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது.) 6 மாதத்தைக் கோட்டைவிட்டால் மீண்டும் விண்ணப்பம், மீண்டும் கட்டணம், ஆகவே தேர்வு நாளை முன்கூட்டியே பதிவுசெய்வது நல்லது.

உதகையில் எடுத்த எல்.எல்.ஆர். மேட்டுப்பாளையம் இறங்கினால் செல்லாது என்று பலர் நினைப்பது தவறு. அது இந்தியா முழுவதும் செல்லும்.