இரண்டு கல்குலேற்றருக்கு 25,000 ரூபா: சீட்டுக் காசில் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் கோப்பாயில் இருக்கிறோம். மகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகி, கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போகப் போகிறான். மகள் ஓ.எல். முடித்து ஏ.எல். கணிதப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். இருவருக்கும் சயன்ரிபிக் கல்குலேற்றர் வேண்டுமாம். ரவுணில் விசாரித்தபோது கசியோ 991இஎக்ஸ் 12,500 ரூபா, 991இஎஸ் பிளஸ் 7,500 ரூபா, 991எம்எஸ் 4,500 ரூபா என்றார்கள். ரியூசனில் மற்றப் பிள்ளைகளிடம் விலை கூடியதுதான் இருக்கிறது என்று மகள் சொல்கிறாள். கனடாவில் இருக்கும் என் தம்பி, வரைபு போடும் கல்குலேற்றர் ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்கிறான். மகனின் தங்குமிடச் செலவை நினைத்துப் போட்ட சீட்டு இந்த மாதம் கைக்கு வருகிறது. அதில் 25,000 எடுத்து இரண்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒன்று போதும், அதுவும் மகனுக்கு. விலை கூடியதும் தேவையில்லை. சீட்டுக் காசில் 7,500 ரூபாவுக்கு மேல் இதற்காகத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

மகளின் விசயத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் காசு வீணாகப் போகப் பார்க்கிறது. ஏ.எல். பௌதிகவியல், இரசாயனவியல் வினாத்தாள்களை எடுத்துப் பாருங்கள். கணிப்பானைப் பயன்படுத்த இடமளிக்கப்படமாட்டாது என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். இணைந்த கணிதத்திலும் அனுமதி கிடையாது. அதனால்தான் அந்த வினாத்தாள்களில் எண்களைக் கையால் செய்யக்கூடியதாகவே அமைக்கிறார்கள். பௌதிகவியலில் புவியீர்ப்பை 10 என்று கொடுத்துவிடுவார்கள், பல கணக்குகளில் π இன் பெறுமானத்தை 3 என்று எடுக்கச் சொல்வார்கள். வேகமாகச் சுருக்குவது, பத்தின் அடுக்குகளைப் பிழையில்லாமல் கையாள்வது, விடை ஏறத்தாழ எங்கே வரும் என்று மனதில் பிடிப்பது, இவைதான் மண்டபத்தில் கைகொடுக்கும்.

இரண்டு வருடம் விசையைத் தட்டிப் பழகிய பிள்ளை, பரீட்சை நாளில் திடீரென்று வெறுங்கையோடு உட்கார்ந்தால் என்ன நடக்கும்? பெருக்கலிலும் வகுத்தலிலும் நேரம் போகும், கடைசிக் கேள்விக்குப் போகக் கிடைக்காது. ஆகவே மகளுக்கு இப்போது வாங்காமல் விடுவதைச் சிக்கனம் என்று மட்டும் எண்ணாதீர்கள். அது அவளுடைய பெறுபேற்றுக்கு நல்லது. வீட்டில் செய்த கணக்கின் விடையைச் சரிபார்க்க வேண்டுமென்றால் கைத்தொலைபேசியில் உள்ள கல்குலேற்றரே போதும். மற்றப் பிள்ளைகளிடம் இருக்கிறதே என்று அவளுக்கு ஒரு குறை இருக்கும், அது இயல்புதான். அதைத் தட்டிக் கழிக்காமல், அண்ணன் பட்ட பாட்டையும் இந்த வினாத்தாளையும் காட்டி இருந்து கதையுங்கள். கம்பஸ் கிடைத்ததும் உனக்கும் ஒன்று வரும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். அந்தக் காசில் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளை எடுத்துக் கொடுத்தால் அவற்றை அவள் தினமும் புரட்டுவாள்.

இனி மகன். பொறியியல் படிக்கும் பிள்ளைக்குக் கல்குலேற்றர் உண்மையிலேயே தேவை. முதல் வருடத்திலேயே சிக்கலெண், தாயம் (மற்றிக்ஸ்), ஒருங்கமை சமன்பாடு, தொகையீடு எல்லாம் எண்களோடு வரும். ஏ.எல்.இல் இவற்றில் பலவற்றைக் கையால் செய்து வந்தவன், இங்கே அளவீடுகளோடு, தசமங்களோடு செய்ய வேண்டும். எம்எஸ், இஎஸ் பிளஸ், இஎக்ஸ் மூன்றுமே இந்த நான்கையும் செய்யும். அப்படியென்றால் எதற்காக 3,000 ரூபா கூட்டி இஎஸ் பிளஸ்?

ஆடலோட்ட (ஏசி) மின்சுற்றுக் கணக்கு ஒன்றை எடுங்கள். விடை சிக்கலெண்ணாக வரும். எம்எஸ் இல் மெய்ப்பகுதி மட்டும் முதலில் தெரியும். கற்பனைப் பகுதியைப் பார்க்க இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். அவசரத்தில் ஒன்றை மற்றதாக எழுதிவிடும் பிழை மிக எளிதாக நடக்கும். இஎஸ் பிளஸில் இரண்டும் ஒரே திரையில் நிற்கும். பின்னமும் வர்க்கமூலமும் புத்தகத்தில் இருப்பது போலவே திரையில் வரும், அதனால் அடைப்புக்குறியைத் தவறவிட்டு வரும் பிழையும் குறையும். நான்கு வருடம், எட்டு செமஸ்ரர் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைக்கு அந்த 3,000 ரூபா நியாயமான செலவு.

இஎக்ஸ் க்கு இன்னும் 5,000 ரூபா கூட்டிக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? மூன்று தெரியாக் கணியங்களுக்குப் பதிலாக நான்கு, மூன்றுக்கு மூன்று தாயத்துக்குப் பதிலாக நான்குக்கு நான்கு, தெளிவான திரை, சின்னதொரு விரிதாள். பெட்டியில் 552 செயற்பாடுகள் என்று போட்டிருக்கும். இஎஸ் பிளஸில் அது 417, எம்எஸ் இல் 401. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய சமன்பாட்டுத் தொகுதிகளை எப்படியும் கொம்பியூட்டரில்தான் தீர்ப்பார்கள். கையில் காசு தாராளமாக இருந்தால் இஎக்ஸ் நல்ல கருவிதான், ஆனால் தங்குமிடக் காசில் எடுத்து வாங்குகிற அளவுக்கு இல்லை. புதிதாக வந்திருக்கும் 991சிடபிள்யூ பற்றியும் கடையில் சொல்லக்கூடும். அதில் விசைகளின் ஒழுங்கையே மாற்றிவிட்டார்கள். சீனியர் மாணவர்கள் பழைய ஒழுங்கில் பழகியிருப்பதால், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பழகுவது கொஞ்சம் சிரமம்.

வாங்குவதற்கு முன் ஒன்று. பல்கலைக்கழகப் பரீட்சைகளில் பொதுவாகப் புரோகிராம் எழுதி வைக்க முடியாத கல்குலேற்றருக்கு மட்டும்தான் அனுமதி. எந்த மாதிரி என்று குறிப்பிட்டுச் சொல்லும் இடங்களும் உண்டு. மகன் பீடத்துக்குப் போய் முதல் வாரம் சீனியர்களிடமும் விரிவுரையாளரிடமும் கேட்டுவிட்டு வாங்கட்டும். ஒரு வாரம் பிந்துவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. படிப்பை முடித்துப் போகிற மாணவர்கள் தங்கள் கல்குலேற்றரைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதும் உண்டு. இந்தக் கருவிகள் கவனமாக வைத்திருந்தால் பத்து வருடத்துக்கு மேல் உழைக்கும், பழையது என்று கூச்சப்படத் தேவையில்லை.

இதே காரணத்தால் கனடாத் தம்பியின் கல்குலேற்றரும் வேண்டாம். அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் டிஐ-84 போன்றவை வரைபு போடும், புரோகிராமும் ஏற்கும். அதுதான் இங்கே சிக்கல். விலையோ நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் விடப் பல மடங்கு. அனுப்பிய பிறகு மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியாமல் அலுமாரியில் கிடந்தால் அவருக்கும் மனவருத்தம், உங்களுக்கும் மனவருத்தம். வரைபு பார்க்க வேண்டுமென்றால் ஜியோஜீப்ரா, டெஸ்மொஸ் இரண்டும் கைத்தொலைபேசியில் இலவசமாகவே கிடைக்கின்றன, திரையும் பெரிது. தம்பி மனமுவந்து கேட்கிறார், ஆகவே கூச்சப்படாமல் நேராகச் சொல்லுங்கள்: மகனுக்கு மடிக்கணினி ஒன்று தேவைப்படும், அதற்கு உதவ முடியுமா என்று. பொறியியல் மாணவனுக்கு அது இல்லாமல் முடியாது. அங்கே பாவித்து மாற்றும் நல்ல நிலையிலுள்ள ஒன்றாக இருந்தாலும் போதும்.

தம்பியால் முடியாவிட்டால் மடிக்கணினியைத் தவணைக்கு எடுக்கச் சொல்லிக் கடையில் கேட்பார்கள். இங்கே நிதானமாக இருங்கள். ஒரு இலட்சம் ரூபா, 12 மாதம், வருடத்துக்கு 24 வீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடும் முறையில் மொத்தம் 124,000, மாதம் 10,333 ரூபா. மீதி குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் அதே 24 வீதத்துக்கு மாதம் ஏறத்தாழ 9,456 ரூபாதான். மகன் தன் கல்குலேற்றரில் 2000 ÷ (1 − 1.02 இன் −12 ஆம் அடுக்கு) என்று தட்டினால் இந்த எண் வரும். 2000 என்பது ஒரு இலட்சத்துக்கு மாதம் 2 வீத வட்டி. இரண்டு முறைக்கும் வருட முடிவில் வித்தியாசம் 10,500 ரூபாவுக்கும் மேல். முதல் முறையின் வட்டியை மீதி குறையும் கணக்கில் பார்த்தால் 24 அல்ல, கிட்டத்தட்ட 42 வீதம் வரும். கடைக்காரர் சொல்லும் வீதத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். வட்டி எந்த முறையில், மாதம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கி, மகனைக் கொண்டு கணக்குப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள். வீட்டுக்கு இந்த ஒரு கணக்கைச் செய்து கொடுத்தாலே அந்தக் கல்குலேற்றரின் விலை திரும்பி வந்துவிடும்.

சீட்டுக் காசில் மிகுதியை அப்படியே தங்குமிடத்துக்கு வைத்திருங்கள். மகாபொல உதவித்தொகை கிடைத்தாலும் அது சேர்ந்த அடுத்த மாதமே கைக்கு வருவதில்லை. அறை முற்பணம், சாப்பாடு, போக்குவரத்து என்று முதல் சில மாதங்கள்தான் கையை நெரிக்கும். அந்த நேரத்தில் நகை அடகுக்குப் போகாமல் இருக்க இந்த 17,500 ரூபா உதவும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளை கம்பஸ் போன சந்தோசத்தில் முதல் மாதமே காசைக் கரைத்துவிட்டு, மூன்றாம் மாதம் கடன் தேடும் குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய.

கடையில் வாங்கும்போது பெட்டியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். பெயரிலும் தோற்றத்திலும் கசியோ போலவே இருக்கும் மலிவு உருப்படிகள் சந்தையில் உண்டு. மாதிரி எண்ணை எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். எல்லா விசையையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், நகத்தால் தேய்த்தால் எழுத்து மங்குகிறதா என்றும் பாருங்கள். சைன் 30 தட்டினால் 0.5 வர வேண்டும். −0.988 வந்தால் கருவி பழுதென்று நினைக்க வேண்டாம், கோணம் பாகைக்குப் பதில் ஆரையனில் நிற்கிறது, அவ்வளவுதான். பரீட்சை மண்டபத்திலும் மகன் முதலில் இதைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு ஒருங்கமை சமன்பாட்டையும் ஒரு தொகையீட்டையும் அவனையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் இல்லாமல் கடையை விட்டு வெளிக்கிட வேண்டாம்.

இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்கும் ஒரு சொல். ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவில் நிலைமை வேறு, அங்கே புரோகிராம் இல்லாத கல்குலேற்றருக்கு இடம் தரும் வினாத்தாள்கள் உண்டு. வணிகப் பிரிவுப் பிள்ளைகள் தங்கள் பாடங்களுக்கான அறிவுறுத்தலை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்கட்டும். முதலீட்டுப் பகுப்பாய்வாளருக்கான சிஎஃப்ஏ பரீட்சைக்குப் போகிறவர்கள் சயன்ரிபிக் கல்குலேற்றர் பக்கமே போக வேண்டாம், அங்கே டிஐ நிறுவனத்தின் பிஏ 2 பிளஸ், எச்பி 12சி ஆகிய இரண்டு நிதிக் கல்குலேற்றர் வகைகளைத்தான் ஏற்கிறார்கள்.