தினமும் மீன் சாப்பிடுபவருக்கும் பி12 குறையுமா?

கேள்வி: நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. வாரத்தில் நான்கு நாளாவது வீட்டில் மீன்தான். ஆனாலும் ஹீமோகுளோபின் 7.8, வைட்டமின் பி12 மிகக் குறைவு. பாதம் மரத்துப்போகிறது என்கிறார். மருத்துவர் ஆன்டிபாடி பரிசோதனை எழுதியிருக்கிறார். அந்தச் செலவு தேவையா? சத்து மாத்திரை போதாதா?

பதில்: அம்மாவின் சாப்பாட்டில் குறை தேட வேண்டாம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான பி12 சுமார் 2 மைக்ரோகிராம்தான். 100 கிராம் மத்தி மீனில் அதைவிடச் சில மடங்கு இருக்கிறது. இவ்வளவு மீன் சாப்பிட்டும் பி12 குறைகிறது என்றால், சாப்பிடுவது உடம்பில் சேரவில்லை என்றுதான் சந்தேகப்பட வேண்டும். உங்கள் மருத்துவர் சரியான இடத்தில்தான் தேடுகிறார்.

இரைப்பையின் உட்சுவரில் உள்ள பெரைட்டல் செல்கள் ‘இன்ட்ரின்சிக் ஃபேக்டர்’ என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பி12 அதோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போனால்தான் உறிஞ்சப்படும். சிலருக்கு உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இந்தச் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடுகிறது. மிச்சம் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டரையும் அந்த அமைப்பு உருவாக்கும் ஆன்டிபாடிகள் என்ற புரதங்கள் பிடித்துக்கொண்டு, பி12 அதில் சேராமல் தடுக்கின்றன. இதுதான் பெர்னீஷியஸ் அனீமியா என்ற ரத்தசோகை. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால், கோளாறு மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடி இருந்தால் நோய் ஏறத்தாழ உறுதி. ஆனால் நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குத்தான் அது தென்படும். ‘இல்லை’ என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பெரைட்டல் செல் ஆன்டிபாடி பெரும்பாலான நோயாளிகளிடம் இருக்கும். ஆனால் தைராய்டு கோளாறு உள்ளவர்களிடமும், நோயே இல்லாத சில முதியவர்களிடமும் இருக்கும். அதனால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் முதலாவதை எடுங்கள்.

செலவு வீண் இல்லை. காரணம் இதுதான் என்று தெரிந்தால், பி12 சிகிச்சை ஆயுள் முழுக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். தெம்பு வந்ததும் ஊசியை நிறுத்திவிடுவதுதான் பலர் வீட்டில் நடக்கிறது. அந்த ஆபத்து அம்மாவுக்கு வரக்கூடாது.

பி12 ஊசி போடுவதற்கு முன்பே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஊசி மருந்து சில பரிசோதனை முறைகளில் முடிவைக் குழப்பும். ரத்தம் கொடுத்த பிறகு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஊசியைத் தொடங்கலாம். பாதம் மரத்துப்போவது நரம்பு பாதிக்கப்படுவதன் அறிகுறி. நாள் கடத்தினால் அந்தப் பாதிப்பு முழுதாகச் சரியாகாமல் போகலாம்.

சத்து மாத்திரை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. அதை மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், ஆனால் நரம்புப் பாதிப்பு உள்ளே முற்றிக்கொண்டே போகும். தயவுசெய்து பி12 இல்லாமல் அதைத் தொடங்காதீர்கள். தினமும் 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை எடுத்தால், அதில் சுமார் 1 சதவீதம் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாமலேயே உடலில் சேரும். பிற்பாடு அது சிலருக்குப் போதும். ஆனால் மரத்துப்போதல் இருக்கும்போது முதலில் ஊசிதான்.

அப்புறம், அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, நெஞ்செரிச்சலுக்கு நீண்ட நாளாக மாத்திரையோ எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவையும் பி12-ஐக் குறைக்கும். நோய் உறுதியானால் தைராய்டு பரிசோதனையும், மருத்துவர் சொன்னால் எண்டோஸ்கோபியும் செய்துவிடுங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சற்று அதிகம். இது குடும்பத்திலும் வரக்கூடியது என்பதால் உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ காரணமில்லாத சோர்வு, கைகால் மதமதப்பு இருந்தால் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள்.