இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், இங்கிலீஷ்: கேளுங்கள், சொல்கிறேன்

நான் படித்தது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். பதினெட்டு வருடம் பின்னலாடை கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு கல்லூரியில் வாரம் இரண்டு நாள் பாடம் எடுக்கிறேன். கவுன்சலிங் நேரம் என்பதால் கேள்விகளை வாங்கிக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: "என் கட் ஆஃப் இவ்வளவு, எந்த காலேஜ் கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். எனக்கு ஜோசியம் தெரியாது.

திண்டுக்கல், பிளஸ் டூ முடித்தவர்: அக்கா, மெக்கானிக்கலுக்கும் இண்டஸ்ட்ரியலுக்கும் என்ன வித்தியாசம்? எங்கே இருக்கிறது?

மெக்கானிக்கல்காரர் மிஷினைப் பார்ப்பார். நாங்கள் மிஷின், அதில் உட்கார்ந்திருப்பவர், அவர் பக்கத்தில் தேங்கிக் கிடக்கும் சரக்கு மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். வொர்க் ஸ்டடி (ஒரு வேலையை எப்படி, எவ்வளவு நேரத்தில் செய்கிறார்கள் என்று அளப்பது), தரக் கட்டுப்பாடு, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (கணக்குப் போட்டுச் சிறந்த முடிவைத் தேடுவது), இன்வென்டரி, பிளான்ட் லேஅவுட், எர்கனாமிக்ஸ் (வேலையை ஆளின் உடம்புக்கு ஏற்றபடி அமைப்பது) இதெல்லாம் எங்கள் சொத்து. புள்ளியியல் பிடிக்காவிட்டால் வராதீர்கள்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்குத் தனித் துறையே உண்டு. கரக்பூர் ஐஐடியில் 'இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ்' என்பார்கள். டெல்லி, ரூர்க்கி ஐஐடிகளில் 'புரொடக்‌ஷன் அண்ட் இண்டஸ்ட்ரியல்'. திருச்சி என்ஐடியில் வெறும் 'புரொடக்‌ஷன்'. பெயரைப் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். சிலபஸைத் திறந்து வொர்க் ஸ்டடியும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சும் எத்தனை பேப்பர் என்று எண்ணுங்கள். இதை இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலம், ஒரு அப்பா: மேடம், இந்தப் படிப்புக்கு ஸ்கோப் உண்டா?

உண்டு. பனியன் கம்பெனி, கார் உதிரிபாகம், குடோன், ஆஸ்பத்திரி என்று வரிசை நிற்கிற இடமெல்லாம் எங்களுக்கு வேலை இருக்கும்.

ஈரோடு, அரசுப் பள்ளி மாணவி: தமிழ் மீடியத்தில் படித்தேன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும் போலிருக்கிறது. இங்கிலீஷை நினைத்தால்தான் பயம்.

உட்கார், உனக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. இண்டஸ்ட்ரியலை நீ இங்கிலீஷில்தான் படிக்க வேண்டியிருக்கும். முதல் வருட இங்கிலீஷ் பேப்பர் உன்னை ஒன்றும் செய்யாது. கடிதம், அறிக்கை, பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது என்று போய்விடும். கஷ்டம் வேறு இடத்தில். எங்கள் பாடத்தின் கலைச்சொற்கள் பெரிய பெரிய வார்த்தைகளாக இருக்காது. ஸ்லாக், ஃப்ளோட், க்யூ, ஐடில் என்று சாதாரணச் சொற்களாக இருக்கும். அகராதி பார்த்தால் ஒரு பொருள், எங்களுக்கு வேறு பொருள். ஃப்ளோட் என்றால் மிதப்பது என்று நோட்டில் எழுதிய பையனை எனக்குத் தெரியும். எங்களுக்கு அது, திட்டம் தள்ளிப்போகாமல் ஒரு வேலையை எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்ற கணக்கு. தனி நோட்டு போட்டு, சொல்லுக்கு எதிரே தமிழில் ஒரு உதாரணம் எழுது. இரண்டு மாதத்தில் பயம் போய்விடும்.

அப்புறம், வேலையில் உனக்கு வேண்டிய இங்கிலீஷ் ஒரு பக்க ரிப்போர்ட்டுக்கான இங்கிலீஷ். "எ லாட் ஆஃப் டைம் இஸ் வேஸ்டட்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "ஆபரேட்டர் வெயிட்டட் லெவன் மினிட்ஸ் ஃபார் பண்டில்ஸ்" என்று எழுது, மேனேஜர் எழுந்து வருவார். இரண்டாவதில் இருக்கும் இங்கிலீஷ் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ்தான். ஆனால் அந்தப் பதினொரு நிமிடத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் பணம் கட்டாதே.

கோவை, வேலை தேடுபவர்: நல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஒன்று சொல்லுங்களேன்?

இப்போதுதான் சொன்னேன்.

கோவை, மெக்கானிக்கல் மூன்றாம் வருடம்: தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாப் வாட்ச் பிடிக்க நாலு வருடப் படிப்பா?

பிடிக்க நாலு நிமிடம் போதும். என்ன செய்வது என்பதற்குத்தான் நாலு வருடம். டி-ஷர்ட்டுக்குக் கை மடித்துத் தைக்கிற ஃப்ளாட்லாக் டெய்லரை எடுத்துக்கொள். பல பீஸ்களுக்கு நேரம் எடுத்துப் பார்த்ததில் சராசரி 24 விநாடி. அவர் சாதாரண வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகத் தைத்தார், ரேட்டிங் 90 சதவீதம் என்று வை. 24இல் 90 சதவீதம் 21.6 விநாடி. தண்ணீர் குடிக்க, களைப்பாற, நூல் அறுந்தால் கோக்க என்று அலவன்ஸ் 15 சதவீதம் சேர்த்தால் 24.84. மணிக்கு 145 பீஸ். இதில் கடிகாரம் சொன்னது 24 மட்டும். 90ஐயும் 15ஐயும் போட்டது ஒரு மனுஷன்.

திருப்பூர், ஃப்ளாட்லாக் டெய்லர்: மேடம், அந்த மனுஷனைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். காலை பத்து மணிக்கு வந்து நேரம் எடுப்பீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு என் முதுகு எப்படி இருக்கும் என்று யார் எடுப்பது? தைக்க வேண்டிய துணிக் கட்டு (பண்டில்) வராமல் உட்கார்ந்திருந்தால் அதுவும் என் கணக்கிலா?

அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது. கட்டு வராத நேரம் உங்கள் கணக்கில் வரக்கூடாது. அதைத் தனியாக எழுத வேண்டும். அது லைன் சூப்பர்வைசர் கணக்கு. முதுகு அலவன்ஸுக்குள் வர வேண்டும். அதே உதாரணத்தில் 15ஐ 10 ஆக்கிப் பாருங்கள்: மணிக்கு 151.5. எட்டு மணி நேரத்துக்கு சுமார் 53 பீஸ் கூடுதல். பேப்பரில் அஞ்சு சதவீதம், உங்கள் தோளில் 53 தடவை.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலையில் நானே ஒரு அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று நேரம் எடுத்தேன். என்னைப் பார்த்த பதற்றத்தில் அவர் வேகமாகத் தைத்தார். அதற்கேற்ப ரேட்டிங்கை 115, 120 என்று ஏற்றிப் போட்டிருக்க வேண்டும். தெரியாமல் 100 போட்டேன். மறுவாரம் லைன் முழுக்க டார்கெட் ஏறியது. கைமடிக்கிற பெண்கள் உட்பட ஒருவரும் என்னோடு பேசவில்லை.

கரூர், முன்னாள் புரொடக்‌ஷன் மேனேஜர்: அலவன்ஸை இப்படி அள்ளிக் கொடுத்தால் ஷிப்மென்ட் போகாது. நான் முப்பது வருடம் லைன் ஓட்டியவன்.

சார், முப்பது வருடத்தில் எத்தனை தடவை கட்டு தாமதமாக வந்ததை எழுதி வைத்தீர்கள்?

அதே கரூர்க்காரர்: எழுதுவது என் வேலை இல்லை. ஆள் கையை வேகமாக ஆட்டினால் பீஸ் வரும்.

ஃபிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர் கொத்து வேலையிலிருந்து வந்தவர். செங்கல் வைப்பதில் இருந்த 18 அசைவுகளை அஞ்சாகக் குறைத்தார். மணிக்கு 120 கல் வைத்த ஆள் 350 வைத்ததாக டெய்லரே (உங்கள் டெய்லர் இல்லை, ஃபிரெடெரிக் டெய்லர்) எழுதியிருக்கிறார். கையை வேகமாக ஆட்டச் சொல்லி வந்த கணக்கில்லை சார் அது. கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனியாமல் இருக்க, சுவரோடு உயர்கிற சாரம் போட்டு, கல்லைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தார். உங்கள் லைனில் கட்டு தரையில் கிடந்ததா, மேசையிலா?

திருப்பூர் டெய்லர்: தரையில்தான் கிடக்கும் மேடம். அவர் கம்பெனி என்று இல்லை, நான் பார்த்த எல்லா இடத்திலும்.

கரூர் சார் பதில் போடவில்லை. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

தஞ்சாவூர், பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம்: இங்கே எனக்குச் சம்பந்தமில்லைதான். அண்ணன் இன்ஜினியரிங். வீட்டில் "இங்கிலீஷ் படித்து என்ன செய்வாய்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சம்பந்தம் நிறைய இருக்கிறது. மேலே சொன்ன கில்பிரெத்தின் மனைவி லில்லியன். 1900இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பட்டம், இரண்டு வருடம் கழித்து அதிலேயே முதுகலை. பிறகு உளவியலில் டாக்டர் பட்டம். பன்னிரண்டு பிள்ளைகள். கணவர் 1924இல் இறந்தபின் தொழிலைத் தானே எடுத்து நடத்தி, 1935இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். எங்கள் துறையில் களைப்பைப் பற்றியும் மனுஷனின் மனசைப் பற்றியும் எழுத வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அடுத்த முறை வீட்டில் கேட்டால் இந்தக் கதையைச் சொல்.

உனக்கு வழி என்றால், எம்.ஏ., பிறகு நெட் தேர்வு எழுதிக் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகலாம். மொழி கற்பித்தலில் ஆர்வம் இருந்தால் ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்கும் என்றே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பார். அதற்கு முன் சிலபஸைத் திற. இலக்கியம் எவ்வளவு, மொழியியல் எவ்வளவு என்று எண்ணு.

விருதுநகர்: எல்லா பேப்பரும் பாஸ், இங்கிலீஷில் மட்டும் அரியர்.

பழைய கேள்வித்தாள் அஞ்சு எடுத்து, கடிகாரம் வைத்து எழுது. முக்கால்வாசிப் பேர் நேரம் போதாமல்தான் போகிறார்கள்.

நாகர்கோவில்: மெக்கானிக்கல் முடித்தவன் மேற்படிப்பை இண்டஸ்ட்ரியலில் செய்யலாமா? ஐஇஎல்டிஎஸ் இப்போதே எழுதட்டுமா?

செய்யலாம். எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் பிஐ (புரொடக்‌ஷன் அண்ட் இண்டஸ்ட்ரியல்) என்று தனித் தாள் இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் (வெளிநாட்டில் படிக்கக் கேட்கும் இங்கிலீஷ் தேர்வு) மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். விண்ணப்பிக்கும் வருடத்தில் எழுது.

நாமக்கல்: ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்…

வேண்டாம்.

திருப்பூர் டெய்லர்: மேடம், கடைசியாக ஒன்று. கட்டு வராத நேரத்தை நானே எழுதி வைத்தால் யாராவது பார்ப்பார்களா? எனக்கு இங்கிலீஷ் வராது.

தமிழில் எழுதுங்கள் அண்ணா. தேதி, மணி, எத்தனை நிமிடம், அவ்வளவு போதும். ஒரு வாரம் எழுதி எனக்கு அனுப்புங்கள். இங்கிலீஷில் ஒரு பக்கமாக நான் போட்டுத் தருகிறேன். எண்களை மட்டும் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

தர்மபுரி: மேடம், இந்தப் படிப்புக்கு ஸ்கோப் இருக்கா?

மேலே சேலத்து அப்பாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். நான் சாப்பிடப் போகிறேன்.