வயது தெரியாதவருக்கு 0 போடலாமா?

கேள்வி: மருத்துவமனைப் பதிவுக்காக ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதுகிறேன். வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டால், டேட்டாபேஸுக்கு எண்ணை அனுப்பும் 'செட்இன்ட்' வரியில் 'நல்பாயின்டர் எக்ஸப்ஷன்' வருகிறது. இப்போதைக்கு 0 போட்டுச் சமாளிக்கிறேன். சரிதானா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சரியில்லை. அந்த 0-ஐ இன்றே எடுத்துவிடுங்கள். 40, 50, வயது தெரியாத ஒருவர் என மூன்று பேர் இருந்தால், சராசரி கேட்கும்போது டேட்டாபேஸ் 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) உள்ள பதிவை விட்டுவிட்டு 45 என்று சொல்லும். நீங்கள் 0 போட்டிருப்பதால் 30 என்று சொல்லும். அதைவிட மோசம், நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் வயது 0தான். பிறகு யார் எவர் என்று பிரிக்கவே முடியாது.

இந்தப் பிழை டேட்டாபேஸிலிருந்து வருவதில்லை. 'செட்இன்ட்' வெறும் 'இன்ட்' எண்ணைத்தான் வாங்கும், அதில் 'நல்' வைக்க இடம் கிடையாது. நீங்கள் கொடுக்கும் 'இன்டிஜர்' ஆப்ஜெக்ட்டிலிருந்து ஜாவா தானாக எண்ணை எடுக்கப் பார்த்து, ஆப்ஜெக்ட்டே இல்லாததால் அங்கேயே விழுகிறது.

வயது காலியென்றால் 'செட்நல்' கூப்பிடுங்கள். அதற்கு இரண்டு மதிப்புகள்: எஸ்க்யூஎல் கட்டளையில் மதிப்புக்காக விட்ட கேள்விக்குறிகளில் எத்தனையாவது (1-லிருந்து எண்ணுங்கள்), 'டைப்ஸ்' வகுப்பில் உள்ள 'இன்டிஜர்'. 'இஃப்' எழுத விருப்பமில்லையென்றால் 'செட்ஆப்ஜெக்ட்'டுக்கு இடம், மதிப்பு, வகை மூன்றையும் கொடுங்கள், ஒரே வரியில் முடிந்துவிடும். வகையை விட்டுவிட்டால் சில டிரைவர்கள் (ஜாவாவையும் டேட்டாபேஸையும் இணைப்பவை) 'நல்'லை ஏற்காது.

காலியாக இருந்தால் எதுவுமே செட் செய்யாமல் தாண்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். லூப்பில் ஒரே ஸ்டேட்மென்ட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது, போன சுற்றின் மதிப்பு அப்படியே உள்ளே இருக்கும். முந்தைய நோயாளியின் வயது அடுத்தவர் பெயரில் ஏறிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது.

திரும்பப் படிக்கும்போதும் கவனம் தேவை. 'நல்' இருந்தால் 'கெட்இன்ட்' 0 என்றே தரும். அதற்கு அடுத்த வரியிலேயே, இப்போது படித்தது 'நல்'தானா என்று சொல்லும் 'வாஸ்நல்' கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பதிவு நேரத்துக்கு 'டிஃபால்ட்' (மதிப்பு தராதபோது தானாக ஏறுவது) கொடுத்திருந்தும் 'நல்'தான் ஏறுகிறது. ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: பதிவைச் சேர்க்கும் 'இன்சர்ட்' கட்டளையில் அந்த ஃபீல்டின் பெயரே வராதபோதுதான் டிஃபால்ட் வேலை செய்யும். பெயரை எழுதி, கேள்விக்குறிக்கு 'நல்' அனுப்பினால் 'நல்'தான் ஏறும். பெயரையும் அதற்குரிய கேள்விக்குறியையும் சேர்த்து நீக்குங்கள். சில சமயம் நேரம் கையில் இருக்கும், சில சமயம் இருக்காது என்றால், வெறும் கேள்விக்குறிக்குப் பதிலாக, 'நல்' அல்லாத முதல் மதிப்பை எடுக்கும் 'கோஅலெஸ்' எழுதி, அதனுள் கேள்விக்குறியையும் 'கரன்ட் டைம்ஸ்டாம்ப்'பையும் கமா போட்டு வையுங்கள்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 5.7 பதிப்பில் இதே கோட் ஓடியது என்றால் ஆச்சரியமில்லை. 'நாட் நல்' ('நல்' கூடாது) என்று குறித்த டைம்ஸ்டாம்ப் ஃபீல்டுக்கு 'நல்' வந்தால் அது தற்போதைய நேரத்தைத் தானே போட்டுக்கொள்ளும். 8.0-இல், நாமாக அமைப்பை மாற்றினால் தவிர, அந்த வழக்கம் கிடையாது.